லேசர் எழுத்தும் தலையெழுத்தும்

கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சமீபத்தில் நாம் போயிருந்தோம். ராட்டினம், பஞ்சுமிட்டாய், வளையல் கடை இவற்றிற்கு நடுவே ஒரு மேஜைமீது லேசர் இயந்திரம் ஒன்றை வைத்து, பிள்ளைகளுக்கு மரத்துண்டில் பெயர் பொறித்துக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். வேறெந்தக் கடையிலும் அவ்வளவு கூட்டமில்லை. அதைக் கண்டு நாம் மெத்தவும் மகிழ்ச்சியடைந்தோம். ஆனால் அந்த மகிழ்ச்சி கால்மணி நேரங்கூட நிலைக்கவில்லை.

ஏனெனில், அந்த இயந்திரத்தின் நெற்றியில் விபூதிப் பட்டை, அதன்மேல் குங்குமம், காலடியில் நசுக்கிய எலுமிச்சம்பழம். போகட்டும் என்று பார்த்துக் கொண்டு நின்றோம். வரிசையில் முதலில் நின்ற பையன் தன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். பின்னால் நின்ற தகப்பனார் அந்தச் சீட்டை வாங்கி, பெயருக்குப் பின்னால் தமது ஜாதிப் பட்டத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். மேஜைக்காரரும் வாய் திறவாமல் பட்டத்தோடு சுட்டுக் கொடுத்தார். அடுத்த பையன் "எனக்கும் அதுமாதிரி" என்றான். மூன்றாவது நின்ற பையனோ, தன் சீட்டைக் கையில் கசக்கிக் கொண்டு வரிசையை விட்டே போய்விட்டான். அவன் ஏன் போனான் என்று நாம் யாரையும் கேட்கவில்லை. இந்த நாட்டில் பிறந்தவர்கள் அதைக் கேட்டுத்தானா தெரிந்துகொள்ள வேண்டும்?

நிற்க, இந்த லேசர் என்பது என்ன? ஒளியை ஒரே நிறமாயும், சிதறாமல் ஒரே திசையாயும் ஓடச் செய்து, கண்ணாடி வில்லையினால் ஊசிமுனை அளவுக்குக் குவிப்பது. குவிந்த இடத்தில் சூடு பிறக்கின்றது, மரம் கருகுகின்றது, கம்ப்யூட்டர் அந்த முனையை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்துகின்றது, எழுத்து விழுகின்றது. இவ்வளவுதான் சங்கதி. இதற்கு அடிப்படையான தத்துவத்தை 1917-ல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டுக் காட்டினார். 1960 மே 16-ந் தேதி அமெரிக்காவில் தியடோர் மெய்மன் என்பவர் மாணிக்கக் கம்பியைக் கொண்டு முதல் லேசரைச் செய்து காட்டினார். இன்று மரமும் தோலும் செதுக்கப் பயன்படும் கரியமில வாயு லேசரை 1964-ல் கண்டுபிடித்தவர், மராட்டிய நாட்டுப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அவர் அதைப் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பரீட்சை செய்து, பிழைத்து, திருத்தித்தான் கண்டாரே யொழிய, யாகம் செய்து கண்டாரில்லை.

"அந்தக் காலத்து அக்கினி அஸ்திரந்தான் இந்த லேசர், எல்லாம் நம் புராணத்தில் உள்ளது" என்று சொல்லும் மேதாவிகள் எந்தக் கண்காட்சியிலும் இரண்டு பேர் இருக்கின்றார்கள். அவர்களை ஒன்று கேட்கின்றோம். எல்லாம் ஏட்டில் இருந்ததென்றால், 1960 வரையில் அந்த ஏட்டைப் படித்த ஒருவருக்காவது ஒரு மரத்துண்டில் ஒரு குழந்தையின் பெயரைச் சுட்டுக் கொடுக்க முடியாமல் போனதேன்? பிறர் கண்டுபிடித்த மறுநாள்தானா சுலோகத்துக்கு அர்த்தம் விளங்க வேண்டும்?

இனி ஜாதிப் பட்டத்துக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போட்டுக் கொள்ளக் கூடாதென்று தீர்மானம் செய்தார்கள். பெரியாரும் தம் பெயரிலிருந்த நாயக்கரை விட்டொழித்தார். அதனால்தான் இன்றைக்கும் வடநாட்டார் பெயரைக் கேட்டால் ஜாதி தெரிகின்றது; தமிழன் பெயரைக் கேட்டால் தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் தெரிகின்றது. ஏறக்குறைய ஒரு நூறு வருஷத்து வேலை அது. அதை ஒரு மேஜைக்காரர் ஒரு பிற்பகலில் மூன்று அங்குல மரத்தில் சுட்டுத் தொலைப்பதா?

"ஒரு சாவிக்கொத்துப் பட்டைக்காக இவ்வளவு கோபமா?" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே! 1997 ஜூன் 30-ல் இதே மேலூர்த் தாலுகாவில், மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, எதற்காக? ஆதிதிராவிடர் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதற்காக அல்லவா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூட மாணவன் ஒருவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அந்தப் பையன்கள் ஜாதியை எங்கே கற்றார்கள்? அதன் பின் அரசாங்கம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, ஜாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி இவைகளைப் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டுமென்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டுக் கயிற்றையாவது கத்தரிக்கோலால் அறுத்து விடலாம். மரத்தில் சுட்ட எழுத்தை எதைக் கொண்டு அழிப்பது? அந்தப் பையன் அதைப் பள்ளிப் பையில் மாட்டிக் கொண்டு தினமும் வகுப்புக்கு வருவானே, அது கயிறல்லாமல் வேறென்ன?

"பட்டம் நம் முன்னோர் பெருமை" என்பவர்கள் மதுரையைச் சுற்றி ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில், ஈராயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்தில் ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர் கீறியிருக்கின்றது. பானையின்மேல் ஆணியால் கீறிய பெயர். அதற்குப் பின்னால் எந்தப் பட்டமும் ஒட்டிக் கொண்டிருக்கவில்லை. மாங்குளத்து மலைக்குகையில் வெள்ளறை வணிகர் கூட்டத்தார் கொடுத்த கொடையைக் கல்லில் வெட்டியிருக்கின்றது. கொட்டாம்பட்டிக்கு அருகே கருங்காலக்குடிக் குன்றிலுங்கூட அந்தப் பழைய எழுத்து உண்டு. எழுத்தென்பது இந்த மண்ணில் குயவரும் வணிகரும் கல்தச்சரும் கையாண்ட பொருள். ஆனால், வேதத்தைக் காதில் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்றல்லவா கௌதம தர்ம சூத்திரம் போன்ற நூல்கள் எழுதி வைத்தன? அப்படி எழுத்தை இழந்தவனுக்குக் கடைசியில் மிச்சமானது ஒரே எழுத்து. அதுதான் தலையெழுத்து. எவனோ எழுதினானாம், எவரும் படிக்க முடியாதாம், எவராலும் அழிக்க முடியாதாம்!

ஆகவேதான் இந்த மேஜையை நாம் பெரிய விஷயமாய்க் கருதுகிறோம். ஒரு குழந்தை தானே எழுதிய எழுத்து, தன் கண் முன்னாலேயே, தனக்கு விளங்கும்படியான காரணத்தினால் மரத்தில் விழுவதைப் பார்க்கின்றது. எழுதுகின்றவன் மனிதன், எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவனும் மனிதன் என்று அது கற்றுக் கொள்ளுமானால், தலையெழுத்து என்கிற புரட்டு அங்கேயே செத்துப் போகும். உலோகம் பொறிக்கும் இன்னொரு வகை லேசரில் இன்று எந்திரத் தகடுகளும் பொறித்து விற்கப்படுகின்றன. வியாபாரம் செழிக்கும், வியாதி போகும் என்று அதை வாங்கிப் பூஜை அறையில் வைப்பவரின் மகன், அதுவும் தன் சாவிப் பட்டை போலக் கம்ப்யூட்டர் கட்டளைக்கு விழுந்த கோடுதான் என்று கண்டு கொண்டால், தகட்டு வியாபாரி பிழைப்பது எப்படி?

ஆதலால் பள்ளிக்கூடங்களில் இம்மேஜை வைக்கும் தோழர்களுக்குச் சில சொல்லுகிறோம். எலுமிச்சம்பழம் கண்ணைக் காக்காது. நீல ஒளி இயந்திரமானால் அந்த ஒளிக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. கரியமில வாயு லேசரின் ஒளியோ கண்ணுக்கே தெரியாது. ஆகையால் மூடியைத் திறந்தவுடன் தானே நின்றுவிடும் பூட்டு அவசியம். புகையைக் குழாய் வைத்து வெளியே தள்ளுங்கள். பி.வி.சி. பூசிய ரெக்சினை ஒருநாளும் சுடாதீர்கள்; ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுக் காற்று எழும். தீயணைக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்து, ஓடும் இயந்திரத்தை ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். விபூதி பூசும் நேரத்தில் இவைகளைச் செய்தாலே போதும்.

ஓரடிச் சதுர ஒட்டுப்பலகையில் மூன்று சென்டிமீட்டர் அகலமும் ஆறு நீளமுமாக ஐம்பது துண்டு கிடைக்கும். ஒரு பெயருக்கு மூன்று நிமிஷம் என்றால் மணிக்கு இருபது குழந்தைகள். காசு கொடுப்பவனுக்கு முதலில் என்று வைக்காமல் வந்த வரிசைப்படி கொடுங்கள். படம் வரைவதும் கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்குவதும் குழந்தைகளே செய்யட்டும். பெண் குழந்தைகளை ஓரமாய் நிறுத்திவிட்டுப் பையன்களை மட்டும் பொத்தானை அமுக்கச் சொல்லாதீர்கள். வாசலில் புள்ளி வைத்து இழை பிசகாமல் கோலம் போடும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய கணக்கல்ல.

எல்லாவற்றிற்கும் மேலாக, "பெயர் மட்டுமே பொறிக்கப்படும், ஜாதிப் பட்டம் பொறிக்கப்படமாட்டாது" என்று ஓர் அட்டையில் எழுதி மேஜைக்கு முன்னால் தொங்க விடுங்கள். கேட்டு வாங்குபவர் மனம் நோகுமே என்றால், கெட்ட வார்த்தை ஒன்றை எழுதிக் கொடுத்தால் அதையும் சுட்டுக் கொடுப்பீர்களா? மாட்டீர்களல்லவா? ஒரு குழந்தையை இன்னொரு குழந்தைக்குக் கீழே என்று சொல்லும் வார்த்தையைவிடக் கெட்ட வார்த்தை தமிழில் வேறெது?

அந்த அட்டை அன்று அங்கே தொங்கியிருந்தால், அந்த மூன்றாவது பையன் வரிசையை விட்டுப் போயிருக்க மாட்டான். அடுத்த கண்காட்சியில் அவன் பெயர் முதலாவதாய் மரத்தில் விழ வேண்டும். அதற்கு வேண்டிய யோக்கியதை இயந்திரத்திற்கு இருக்கின்றது. அதை வைத்திருக்கும் நமக்கு இருக்கின்றதா என்பதே கேள்வி.