பிரஷர் மாத்திரை போட்டால் சர்க்கரை ஏறுமா? பாதி உண்மை, முழு ஆபத்து!

ரத்தக் கொதிப்புக்குப் போடும் சில மாத்திரைகள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றிவிடும். இது டாக்டர்களே ஒப்புக்கொள்ளும் சங்கதி. ஆனால் இதைக் காதில் வாங்கியதும், "இனி பிரஷர் மாத்திரையே வேண்டாம்" என்று நிறுத்துகிறார்களே, அதுதான் உயிருக்கு உலை!

பேட்டையில் இரண்டு வியாதியும் சேர்ந்து இருப்பவர்கள் பலர். சர்க்கரைக்கு டவுனில் ஒரு டாக்டர். பிரஷருக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. இந்தச் சீட்டு அங்கே போவதில்லை. அந்தச் சீட்டு இங்கே வருவதில்லை. அவசரத்துக்கு மருந்துக் கடை. "அண்ணாச்சி, பிரஷர் மாத்திரை ஒரு பத்து குடுங்க. சீட்டு வீட்ல கிடக்கு!"

மூன்றே மாதத்தில் சர்க்கரை ஏறி நிற்கும். காரணம் கேட்டால், "கல்யாண வீட்டுல லட்டு சாப்பிட்டேன்" என்பார். மாத்திரை மாறியதைச் சொல்ல மாட்டார்.

எது ஏற்றும்? எது ஏற்றாது?

இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் போவதுதான் பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை வியாதி. அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகள் இந்த முரண்டை அதிகமாக்கும்; எடையும் கூடலாம். சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் போன்றவை பொட்டாசியத்தைக் குறைத்து, இன்சுலின் சுரப்பையே மட்டுப்படுத்தும். மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் இந்த மருந்து கலந்தது.

எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் வகைகளால் இந்தத் தொல்லை இல்லை, சிறுநீரகத்துக்கும் காவல். அம்லோடிபின் சர்க்கரை விஷயத்தில் நடுநிலை. கார்வெடிலால், மெட்டோபிரலால் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளியானது. மெட்டோபிரலால் போட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஏறியது; கார்வெடிலால் போட்டவர்களுக்கு ஏறவில்லை.

நிறுத்தினால் என்ன?

சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பும் உள்ள 1,148 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. பிரஷரை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. சர்க்கரையை ஏற்றும் அட்டினலால் போட்டவர்களுக்கும் கேப்டோபிரில் போட்டவர்களுக்கு நிகரான பலன் கிடைத்தது!

ஆக, சர்க்கரை கொஞ்சம் ஏறினால் அதற்கு மாத்திரையைச் சரிக்கட்டலாம். பக்கவாதத்தில் விழுந்த கையைச் சரிக்கட்ட முடியுமா? இதய நோய்க்காக அட்டினலால் போடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பே வரலாம்.

இன்னொரு உஷார்! அட்டினலால் வகை போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வேர்வை மட்டும் கொட்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் அதை வெயில் என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்குமேல் சர்க்கரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கி, இரண்டு வியாதிக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம். அதோடு ஒன்று சேர வேண்டும். பிரஷர் மாத்திரையை மாற்றினால், சில வாரங்களில் சர்க்கரையைச் சோதிப்பதும் கட்டாயமாக வேண்டும். இரண்டு மாத்திரையும் ஒரே நோட்டில் ஏற வேண்டும்.

மருந்துக் கடைக்காரர்களும் சீட்டு இல்லாமல் 'அதே மாதிரி' என்று வேறு மாத்திரையைக் கொடுக்கக் கூடாது.

அதுவரை நோயாளிகள் கையில் இருப்பது ஒரே வழி. எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். "இதுல எது என் சுகரை ஏத்தும்?" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தனி பீஸ் கிடையாது!