அமுச்சி கட்டின பலகாரம் விமானம் ஏறுமா?

கோவை பீளமேடு விமான நிலையம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பேரனை வழியனுப்ப குடும்பமே வந்து நிற்கிறது. அமுச்சி கையில் ஒரு துணிப்பை.

பையில் தட்டைமுறுக்கு, எள்ளுருண்டை, கடலை மிட்டாய். கூடவே ஒரு பாட்டில் நெய், ஒரு பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய். ரெண்டு நாள் அடுப்படியில் நின்று செய்தது!

"கண்ணு, அங்க போயி இதெல்லாம் கெடைக்காது சாமி. வச்சுத் தின்னு!"

அமுச்சி வாசலோடு நின்றுவிடுவார். டிக்கெட் இல்லாதவருக்கு அதற்கு மேல் வழி இல்லை. பை மட்டும் உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் நெய் பாட்டிலும் ஊறுகாய் பாட்டிலும் குப்பைத் தொட்டியில் விழும். அமுச்சிக்கு அது தெரியவே தெரியாது!

பேரனும் சொல்ல மாட்டான். பத்து நாள் கழித்து போனில் கேட்டால், "ஊறுகா நல்லா இருந்துச்சுங்க அமுச்சி" என்பான். வேறு என்ன சொல்வான்?

பல்லடத்தில் இருந்தும், பொள்ளாச்சியில் இருந்தும், கோபியில் இருந்தும் கிளம்புகிற எத்தனையோ பைகளின் கதை இதுதான். இதில் தப்பு யாருடையது? அமுச்சியுடையதா? பையைத் திறந்து பார்த்த காவலருடையதா?

ரெண்டு பேர் மேலும் இல்லை. சட்டம் இருக்கிறது. அது வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேரவில்லை. அதுதான் தப்பு!

எது ஏறும்? எது ஏறாது?

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுப் பலகாரத்தைக் கைப்பையில் கொண்டுபோவதற்குத் தடை கிடையாது. முறுக்கு, தட்டை, மிக்சர், எள்ளுருண்டை, அதிரசம், மைசூர்பா, இட்லிப் பொட்டலம் எல்லாம் தாராளமாகக் கொண்டுபோகலாம். "பிளேன்ல சாப்பாடு கொண்டுபோகக் கூடாதாம்" என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்வது சுத்தப் புரளி.

சிக்கல் வருவது எண்ணெயிலும் தண்ணீரிலும்தான்.

வெளிநாட்டு விமானம் என்றால், கைப்பையில் திரவம் எதுவானாலும் 100 மில்லிக்கு மேல் பாட்டில் இருக்கக் கூடாது. நெய், தேன், சட்னி, பாயசம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். பாட்டிலின் அளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலின் அடியில் ரெண்டு ஸ்பூன் நெய் இருந்தாலும் பாட்டில் போச்சு! கைக்குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

உள்நாட்டு விமானத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. தண்ணீர் பாட்டிலைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் எண்ணெய் மிதக்கிற ஊறுகாய் அங்கேயும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது தேங்காய். கொங்கு நாட்டுக்காரருக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி! முழுத் தேங்காய்க்குக் கைப்பையில் இடம் இல்லை. கொப்பரைக்கோ எடை போட்டு அனுப்புகிற பெரிய பெட்டியிலும் இடம் இல்லை.

"ஏனுங்க, தேங்கா என்ன வெடிகுண்டுங்களா?" என்று பொள்ளாச்சிக்காரர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பதிலிலும் நியாயம் இருக்கிறது.

காங்கயத்தைக் கேளுங்கள்!

காங்கயம் பக்கம் கொப்பரைக் களத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். சரியாகக் காயாத கொப்பரையைக் குவித்து வைத்தால் குவியலுக்குள் சூடு ஏறும். எண்ணெய்ச் சத்து நிறைந்த பண்டம். பற்றிக்கொண்டால் லேசில் அணையாது.

ஆபத்தான சரக்குகளுக்கு உலகம் முழுவதும் ஒரே பட்டியல் இருக்கிறது. அதில் கொப்பரைக்குத் தனி எண்ணே உண்டு: 1363. தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வகுப்பில் அதை வைத்திருக்கிறார்கள். களத்தில் தீப்பிடித்தால் ஓடித் தப்பலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் எங்கே ஓடுவது?

திரவத் தடைக்கும் ஒரு கதை உண்டு. 2006 ஆகஸ்ட் 10-ந் தேதி லண்டனில் ஒரு சதி அம்பலமானது. குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்தை நிரப்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களைத் தகர்க்கத் திட்டம் போட்டிருந்தார்கள். அதைத் தொடர்ந்து விழுந்த பூட்டுதான் இந்த 100 மில்லி. எங்கோ ஒரு கும்பல் போட்ட சதிக்கு இங்கே அமுச்சியின் நெய் பாட்டில் அபராதம் கட்டுகிறது!

அந்தப் பூட்டும் இப்போது மெல்லத் திறக்கிறது. பையைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிற புதுவகை மெஷின் வந்துவிட்டது. அதை வைத்து பிரிட்டனில் எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்களில் 2025 ஜூலை முதல் 2 லிட்டர் வரை திரவத்தைக் கைப்பையில் விடுகிறார்கள். மெஷின் வந்தால் நெய்யும் பறக்கும்! அதுவரைக்கும் சட்டம் சட்டம்தான்.

மைசூர்பாவைத் திறக்கச் சொல்வது ஏன்?

"ஸ்வீட் பாக்சுக்கு எதுக்குங்க இத்தனை செக்கிங்?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. காரணம் இதுதான். எக்ஸ்ரே திரையில் உணவுப் பண்டம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். பல வெடிமருந்துகளும் அதே ஆரஞ்சு நிறத்தில்தான் தெரியும். மைசூர்பா, அல்வா மாதிரி நெய் இறுகிய கட்டிகள் திரையில் சந்தேகத்தைக் கிளப்பும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் வாசனை தெரியாதே!

அதனால் பலகாரத்தைத் துணிமணிக்கு அடியில் புதைத்து வைக்கக் கூடாது. தனிப் பையில், மேலாக, திறந்து காட்ட வசதியாக வைத்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

கசகசா: இது விளையாட்டில்லை!

குப்பைத் தொட்டியோடு போனால் நஷ்டம் ஒரு பாட்டில் ஊறுகாய். ஜெயில் வரைக்கும் போகிற பொருளும் அடுப்படியில் இருக்கிறது. அதுதான் கசகசா!

கொங்கு வீட்டுக் குருமாவுக்குக் கசகசா அரைத்து ஊற்றுவது சாதாரணம். ஆனால் அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. கோவையில் இருந்து நேராக விமானம் போகிற வெளிநாட்டு ஊர்களில் சார்ஜாவும் உண்டு, சிங்கப்பூரும் உண்டு. மகள் வீட்டுக்குப் போகிற தாய், மசாலா டப்பாவில் ஒரு கைப்பிடி கசகசாவைப் போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும்? தெரியாமல் செய்தேன் என்றால் அங்கே யார் கேட்பார்கள்?

இந்த ஒரு விஷயத்துக்காகவாவது சட்டம் அடுப்படிக்கு வந்து சேர வேண்டாமா?

சொன்னால் கேட்பார்கள்!

"சனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாதுங்க" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. சபரிமலையே சாட்சி!

இருமுடியில் நெய்த் தேங்காய் இல்லாமல் அய்யப்ப பக்தர் மலைக்குப் போக மாட்டார். அதனால் 2022-லும் 2024-லும் சீசன் நேரத்தில் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அடுத்த ஜனவரி 20-ந் தேதி வரை இருமுடித் தேங்காயைக் கைப்பையிலேயே கொண்டுபோகலாம் என்றது. எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடயச் சோதனை, கைச்சோதனை மூன்றும் முடித்த பிறகுதான் என்று நிபந்தனையும் போட்டது.

சேதி பத்திரிகையில் வந்தது, டி.வி.யில் வந்தது. குருசாமிகள் வாய்வழியாக ஊரெல்லாம் பரவியது. மாலை போட்டவர்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது.

ஆக, அரசு மனது வைத்தால் விதியை வளைக்கவும் முடிகிறது, சேதியைப் பரப்பவும் முடிகிறது. இருமுடிக்குச் செய்ததை அமுச்சியின் துணிப்பைக்கும் செய்யலாமே! விதியை வளைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முன்கூட்டியே சொல்லத்தான் கேட்கிறார்கள்.

எந்த பாஷையில் சொல்வது?

இதைத் தமிழில் சொல்ல வேண்டும். டிக்கெட்டின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து இங்கிலீஷில் அச்சடித்துவிட்டால் சொன்னதாக ஆகாது.

2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்டதற்கு, பாதுகாப்புப் படை அலுவலர் "நீங்கள் இந்தியரா?" என்று திருப்பிக் கேட்டதாகக் கனிமொழி எம்.பி. வெளியிட்டபோது நாடே பேசியது. எம்.பி.க்கே அப்படி என்றால், முதன்முதலாக விமானம் ஏறுகிற தாராபுரத்துப் பெரியவர் "ஏனுங் தம்பி, இத எதுக்கு எடுக்கறீங்க?" என்று யாரிடம் கேட்பார்? கேட்டாலும் பதில் புரியுமா?

வீட்டில் இருந்தே கொண்டுபோவது ஏன்?

"கையில் எதற்குப் பொட்டலம்? உள்ளே கடைதான் இருக்கிறதே!" என்று சொல்வது சுலபம். உள்ளே விலையைக் கேட்டால் தலை சுற்றும்! 2024-ல் மேல்சபையிலேயே இந்த விலைப் புகார் எழுந்தது. அந்த டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்திலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 'உடான் யாத்ரி கபே' என்ற மலிவுக் கடை திறந்தார்கள். டீ 10 ரூபாய். தண்ணீர் பாட்டில் 10 ரூபாய். சமோசா 20 ரூபாய்.

நல்ல காரியம்தான். இந்த விலை சில ஊர்களோடு நிற்காமல் எல்லா விமான நிலையத்துக்கும் நிரந்தரமாக வேண்டும். இப்போது விமானத்தில் போகிறவர்களில் பனியன் கம்பெனி சூப்பர்வைசரும் உண்டு, விசைத்தறிக்காரர் மகனும் உண்டு, கல்லூரி மாணவியும் உண்டு. அவர்களுக்கு 10 ரூபாய் டீ என்பது தர்மம் இல்லை, நியாயம்.

விலை குறைந்தாலும் பொட்டலம் நிற்காது. கோவை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது 1977-ல். அன்றில் இருந்து இன்றுவரை அதில் புளிசாதப் பொட்டலம் பிரியாத நாள் உண்டா? கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்புவது கொங்கு நாட்டு வழக்கம். பசிக்காக மட்டும் கட்டுவதில்லை. "போற எடத்துல நல்லா இரு" என்பதைத்தான் அப்படி மடித்துக் கொடுக்கிறார்கள். அதைத் தொட்டியில் போடச் சொல்லும்போது, போடுகிறவனுக்கும் வலிக்கிறது. போடச் சொல்கிற காவலருக்கும் வீட்டில் ஒரு தாய் இருப்பார்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு ஒன்றும் இல்லை.

விமான நிலையத்துக்கு உள்ளே எழுதி வைத்துப் பயன் இல்லை. வழியனுப்புகிறவர்கள் நிற்கிற வாசலிலேயே தமிழில் பெரிய பலகை வேண்டும். அதில் 'திரவங்கள், களிம்புகள்' என்று எழுதினால் போதாது. நெய், ஊறுகாய், தேங்காய், கொப்பரை, கசகசா என்று பேர் சொல்லி எழுத வேண்டும். படமும் போட வேண்டும். வாசலிலேயே தெரிந்தால், நெய் பாட்டில் அமுச்சியோடு திரும்பி வீட்டுக்காவது போகுமே!

விமான கம்பெனிகள் டிக்கெட் போட்டதும் போனுக்கு சேதி அனுப்புகின்றன. அதில் நாலு வரி தமிழில் சேர்க்க என்ன கஷ்டம்? பெரிய பெட்டியில் நெய், ஊறுகாய் வைக்கலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

ஊர்க்காரர்களும் கை கொடுக்கலாம். காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் ஸ்வீட் கடை வைத்திருப்பவர்கள் பெட்டி கட்டும்போது "பிளேனுக்குங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கட்டுகிற விதமே மாறிவிடும். டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற டிராவல்ஸ்காரர் ஒரு துண்டுச் சீட்டில் ஏறும் பண்டம், ஏறாத பண்டம் என்று அச்சடித்துக் கொடுக்கலாம். அவர் பேரும் விளம்பரம் ஆகும்!

பீளமேடு விமான நிலைய விரிவாக்கம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கோவைக்காரர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஓடுபாதை நீளட்டும். பெரிய விமானங்கள் வரட்டும். கூடவே வாசலில் ஒரு பலகையும் வரட்டும்.

காவலர் தன் கடமையைச் செய்யட்டும். யாரும் தடுக்கவில்லை. ஆனால் கூடாது என்கிற சேதி எக்ஸ்ரே மெஷினுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தால் அது தண்டனை. அடுப்பு பற்ற வைக்கும் முன்னால் வந்து சேர்ந்தால் அது உதவி.

அமுச்சி நெய்க்குப் பதிலாக இன்னும் ஒரு படி முறுக்கு சுட்டிருப்பார். அது பேரனோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். போனில் அவன் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

அதிகாரிகள் கவனிப்பார்களா?