டர்போவைக் கழற்றும் முன் ஒரு கேள்வி

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் டிரைவர் தம்பி ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு வாசலில் வந்து நின்றார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கடன் வாங்கி ஏழு பேர் அமரும் டீசல் வண்டி ஒன்றை எடுத்து, விமான நிலையத்துக்கும் வெளியூருக்கும் ஓட்டிப் பிழைப்பவர். "சார், நீங்க ரயில்வேயில டீசல் என்ஜின் பார்த்தவர்னு சொன்னாங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். ஒரு ஒர்க்ஷாப் கொடுத்த எஸ்டிமேட் அது. புது டர்போ சார்ஜர், கூலி, ஆயில், வரி எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். அவருடைய மாதத் தவணைக் கணக்கில் நாலு மாதத்துக்கு மேல்.

வண்டிக்கு என்ன வியாதி என்று கேட்டேன். ஊரிலிருந்து திரும்பும்போது, கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி ஏற்றத்தில் லாரியை முந்த அழுத்தினால் திடீரென்று இழுவை போய்விடுகிறதாம். என்ஜின் விளக்கு எரிகிறது. அறுபதுக்கு மேல் போக மறுக்கிறது. ஓரங்கட்டி நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. அடுத்த ஏற்றத்தில் பழைய கதை.

"டர்போவைக் கையால் தொட்டுப் பார்த்தார்களா, தம்பி?"

"இல்லை சார். கம்ப்யூட்டரை மாட்டினாங்க. டர்போன்னு வந்ததாம்."

வாசக அன்பர்களே, இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

டர்போ என்பது புதிய சரக்கு அல்ல. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் இந்த யோசனைக்கு, சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் பியூஹி 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இன்றைய டீசல் கார்களில் பலவற்றில் கூடுதலாக ஒன்று உண்டு. புகைச் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சிறு தகடுகள், ஜன்னல் கதவு போலத் திறந்து மூடும். என்ஜின் மெதுவாக ஓடும்போது தகடுகள் ஒடுங்கி, குறைந்த புகையையும் வேகமாகப் பாய வைக்கும். வேகம் கூடினால் விரிந்து வழிவிடும். இந்தத் தகடுகளை ஒரு தண்டின் மூலம் அசைப்பதுதான் ஆக்சுவேட்டர். சில வண்டிகளில் அது வாக்குவத்தால் இயங்கும் சிறு டப்பா. சிலவற்றில் உள்ளே மோட்டாரும் பல்சக்கரமும் கொண்ட பெட்டி.

தகடுகளின் இடுக்கில் புகைக்கரி படிந்தால் அவை பாதியில் நின்றுவிடும். ஒடுங்கிய நிலையில் நின்றால் வேகத்தில் காற்றழுத்தம் அளவு மீறும். வண்டியின் கம்ப்யூட்டர் பயந்து டீசலைக் குறைத்துவிடும். நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் அந்தக் கட்டுப்பாடு விலகும். தம்பி சொன்ன வியாதி அச்சு அசல் இதுதான். விரிந்த நிலையில் நின்றாலோ கீழ் வேகத்தில் இழுவை இராது, கரும்புகை வரும்.

கம்ப்யூட்டர் சொன்னது காற்றழுத்தம் சரியில்லை என்பதை மட்டுமே. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும். மலேரியாவா ஜலதோஷமா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். தகட்டில் கரியா, ஆக்சுவேட்டர் பழுதா, அதற்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பா, வாக்குவத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கெட்டதா? நாலில் எதுவானாலும் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய ஒரே புகார்தான் வரும். குழாயின் விலை என்ன, டர்போவின் விலை என்ன!

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி 1983-ல் ஏற்பட்ட கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் கழிந்தது. எங்கள் 2,600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்.-2 என்ஜின்களின் டர்போவில் இந்த அசையும் தகடுகள் கிடையாது, ஆகவே இந்த வியாதியும் கிடையாது. ஆனால் டர்போ மீது சந்தேகம் வந்தால் முதலில் செய்வது ஒரு சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு, டர்போ தானாக எவ்வளவு நேரம் சுழன்று ஓய்கிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்போம். 90 முதல் 180 விநாடி என்றால் நலம். குறைந்தால் உள்ளே எங்கோ உராய்கிறது. கூடினால் பேரிங்கில் தேய்மானம். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இவ்வளவு தெரிந்துவிடும்.

நாங்களும் டர்போவை மாற்றியதுண்டு, மறைக்கவில்லை. என்ஜினைக் காக்க வைக்க முடியாதென்றால் வேறொன்றைப் பொருத்தி அனுப்பிவிடுவோம். ஆனால் கழற்றியது குப்பைக்குப் போகாது. அதற்கென்று உள்ள பிரிவில் பிரித்துச் சுத்தம் செய்து, அளந்து பார்த்து, வேறொரு என்ஜினுக்கு ஏறும்.

தம்பியின் வண்டிக்கு வருவோம். என்ஜின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்தோம். ஸ்டார்ட் செய்தபோது வாக்குவம் இழுத்துத் தண்டு கொஞ்சம் அசைந்து பாதியில் நின்றது. அணைத்துவிட்டு, தண்டை டர்போவின் நெம்புகோலிலிருந்து விடுவித்தேன். தனியாக விட்டதும் தண்டு முழு நீளமும் ஓடியது. ஆக்சுவேட்டர் நன்றாகவே இருந்தது. நெம்புகோலை விரலால் அசைத்தால் நடுவில் ஓரிடத்தில் கடித்துக்கொண்டது. ஆக, தகட்டில் கரி. பத்து நிமிஷத்து வேலை, ஒரு ஸ்பானர்.

ஜே.சி. ரோட்டுப் பக்கம் டர்போ வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினேன். அவர் அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, சக்கரத்தில் வெடிப்பும் இல்லை. கூட்டுக்கு அடையாளக் கோடு போட்டுப் பிரித்து, கரியை நீக்கி, தகட்டின் எல்லை ஸ்குருவைத் தொடாமல், புது கேஸ்கெட் போட்டு, உள்ளே சுத்த ஆயில் ஊற்றிப் பூட்டிக் கொடுத்தார். 6,500 ரூபாய். பெரியவர் அதைச் சொல்லவே கூச்சப்பட்டார். எனக்கோ அவர் இன்னும் ஆயிரம் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. நோயைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்க நாம் தயங்குவதால்தானே ஒர்க்ஷாப்காரரும் பார்ட்ஸ் விற்றுச் சம்பாதிக்கிறார்?

அவர்கள் பக்கத்து நியாயமும் உண்டு. சுத்தம் செய்ததற்கு உத்தரவாதம் தருவது கடினம். மறுபடி கடித்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அச்சில் ஆட்டம் கண்டு, ஆயில் கசிந்து, சக்கரம் சிதைந்திருந்தால் நானும் மாற்றச் சொல்வேன். சோதிக்காமல் எழுதும் எஸ்டிமேட்டைத்தான் ஏற்க முடியவில்லை. தண்டை விடுவித்துப் பார்த்தீர்களா, நெம்புகோல் முழுதும் அசைகிறதா என்று கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.

கரி ஏன் படிகிறது? அல்சூரிலிருந்து இந்திராநகர் போக, சிக்னல் சிக்னலாக ஊர்ந்து, என்ஜின் நன்கு சூடேறும் முன்னே வண்டியை அணைத்துவிடுகிறோம். தகடுகளும் ஒரே நிலையில் கிடக்கின்றன. வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுவது நல்லது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 வண்டிகளின் புகை வடிகட்டிக்கும் இதே மருந்துதான். வேகமாக ஓட்டி வந்ததும் ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். டர்போவின் பேரிங்கைக் குளிர்விப்பது என்ஜின் ஆயில்தான். தண்டைக் கம்பியால் கட்டிவிடுகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்து வந்து ஸ்டியரிங்கை நம்பி வாழும் பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். எச்.ஏ.எல்., பி.இ.எம்.எல்., ரயில்வே, ஏரிக்கரை எம்.இ.ஜி. என்று இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர்களும் நம்மில் குறைவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், இந்த இரு கூட்டத்தாரையும் ஒரு திறந்த பானெட்டின் முன் நிறுத்தச் சங்கம் ஏற்பாடு செய்யக் கூடாதா? பேச்சாளர் வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு டூல் கிட்டும் கை துடைக்கப் பழந்துணியும் போதும். முதல் ஞாயிற்றுக்கு நான் வருகிறேன். வண்டியைக் கொண்டுவருபவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து என்ஜினை ஆறவிட்டு வைக்கட்டும்.