லயத்தை அளந்தவர் யார்?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பார்கள் நம் பெரியவர்கள். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம்மவர்களுக்கு இந்தப் பழமொழியின் பின்பாதி மட்டுமே பொருந்தியது. கல்யாணம் பண்ணிப் பார்த்தார்கள். வீடு கட்டிப் பார்க்கும் வாய்ப்பு வாய்க்கவில்லை. மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு வீடு என்பது நிர்வாகம் கொடுப்பது. வேலை போனால் திரும்பக் கேட்பது.

இன்று நிலைமை மாறி வருகிறது. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்ற கோரிக்கை, நீண்ட போராட்டத்திற்குப் பிறகு ஆங்காங்கே நிறைவேறுகிறது. மகிழ்ச்சியே. ஆனால் எத்தனை வீடு, யாருக்கு, எப்போது என்று கேட்கும் நாம், அந்த வீட்டின் வரைபடத்தை யார் வரைந்தார், யாரைக் கேட்டு வரைந்தார் என்று கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தில் பயிலும் நாமாவது அதைக் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கோல சிலாங்கூரிலிருந்தே தொடங்கலாம். ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றையொட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்து நட்டவரும் அவர்தாம். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைப் பயிர் தொடங்கியது. (பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. செம்பனைக்குப் பேர்போன தோட்டத்தின் பெயரிலோ இன்னும் தென்னைமரம் நிற்கிறது!) 1930இல் ஃபோக்கோனியே எழுதிய 'மலேசி' என்ற நாவல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றது. நம் தொழிலாளர்கள் அந்த நாவலில் வருகிறார்கள். 'பனைகளின் வீடு' என்று ஒரு வீடும் வருகிறது; ரந்தாவ் பாஞ்சாங்கில் அவர் வாழ்ந்த வீடு அப்பெயராலேயே அறியப்படுகிறது. இந்த வெயிலுக்கும் மழைக்கும் நடுவே மனிதன் எப்படிக் குடியிருக்க வேண்டும் என்று ஓர் ஐரோப்பியர் தமக்காக யோசித்தார், எழுதினார், உலகம் படித்தது. துரை பங்களாவுக்குக் கிடைத்த அந்த யோசனையில் நூற்றில் ஒரு பங்காவது லயத்துக்குக் கிடைத்ததா?

லயத்துக்கும் வடிவமைப்பு இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அது குடும்பத்தை மனத்தில் வைத்து வரைந்ததன்று. விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கு ஆள் எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்பதற்காக வரைந்தது. ஒரே கூரை, வரிசையாக அறைகள். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். 1966இல் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. இரண்டும் பார்த்தது குறைந்தபட்சத்தைத்தான்.

அந்தக் குறைந்தபட்சத்தை நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் வியப்பு. முன்பக்கம் தாழ்வாரம் இறக்கி அஞ்சடியை அகலப்படுத்தினார்கள். பின்பக்கம் தகரம் போட்டு அடுப்படியை வெளியே தள்ளினார்கள், புகை படுக்கும் அறைக்குள் வராதபடி. சாமி படம் கிழக்குப் பார்க்க இடம் பிடித்தது. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, கோழிக்கூடு, சிலரிடம் மாடு. கல்யாணம் என்றால் இரண்டு லயத்துக்கு நடுவிலுள்ள வெளியில் பந்தல். சாவு என்றாலும் அதே வெளியில்தான் கொட்டகை. பட்டம் பெறாதவர்கள் செய்த கட்டடக் கலை இது. யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, தாமான்களாயின. லயத்தை விட்டு வந்தவர்களில் பலர் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். மூன்று அறை, 650 சதுர அடி, உள்ளேயே குழாய், உள்ளேயே கழிப்பறை. லயத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான்காம் மாடியில் இறந்தவரை எங்கே கிடத்துவது? எங்கே நீராட்டுவது? பெட்டியைப் படிக்கட்டு வளைவில் எப்படித் திருப்புவது? பத்துப் பேர் வந்து அழ எங்கே இடம்? அந்த வரைபடத்தை வரைந்தவர் கெட்டவர் அல்லர். அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கோயில் என்று வந்தால் மட்டும் நமக்கு இந்தத் தெளிவு இருக்கிறது. ஸ்தபதி வேண்டும், சிற்பி வேண்டும், தமிழகத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறோம். எந்தச் சந்நிதி எந்தத் திசை என்று மாதக் கணக்கில் பேசுகிறோம். அம்மனுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை அம்மாவின் அடுப்படிக்கும் காட்டலாம்.

இந்த இடத்தில் போர்த்துகலைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. போர்த்துக்கீசியர் என்றதும் நமக்கு 1511, மலாக்கா, கோட்டை என்று வரலாற்றுப் பாடம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கடந்த எழுபது ஆண்டுகளில் அந்தச் சிறிய, பணக்கார நாடு அல்லாத நாட்டிலிருந்து உலகம் மதிக்கும் கட்டடக் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் தொடங்கியது உயரக் கட்டுவதில் அன்று, அளப்பதில்.

சலசாரின் சர்வாதிகார ஆட்சியில், 'போர்த்துக்கீசிய வீடு' என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரே அச்சை வற்புறுத்தும் போக்கு இருந்தது. 1955இல் 18 கட்டடக் கலைஞர்கள் ஆறு குழுக்களாகப் பிரிந்து நாடு முழுவதும் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். குடிசை, களத்துமேடு, மாட்டுத் தொழுவம், தானியக் கூடு என்று எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள், வரைந்தார்கள். 1961இல் அது நூலாக வந்தது. ஒரே போர்த்துக்கீசிய வீடு என்று ஒன்று கிடையாது, மண்ணுக்கும் மழைக்கும் தொழிலுக்கும் ஏற்ப வீடுகள் பலவிதம் என்பதை அந்த நூல் சத்தம் போடாமல் நிறுவியது. அக்குழுவில் ஒருவர் ஃபெர்னாண்டோ தாவொரா. அவரிடம் பயின்று, அவர் அலுவலகத்தில் வேலையும் பார்த்தவர் அல்வாரோ சீசா.

சீசா 1933இல் போர்த்தோவுக்கு அருகிலுள்ள மத்தொசிஞ்ஞோஸ் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் பிறந்தவர். முதல் பணிகள் எல்லாம் சொந்த ஊரைச் சுற்றித்தான்: சில வீடுகள், கடற்கரைப் பாறைமேல் ஒரு தேநீர் விடுதி, ஒரு நீச்சல் குளம். 1974 ஏப்ரலில் புரட்சி வந்து சர்வாதிகாரம் கவிழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய அரசு, 'சால்' என்ற சுருக்கப் பெயரில் ஒரு வீட்டுவசதித் திட்டத்தைத் தொடங்கியது. குடிசைவாசிகள் சங்கமாகச் சேர வேண்டும். கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் மாணவர்களும் அடங்கிய குழு அவர்களோடு உட்கார்ந்து பேசி வரைய வேண்டும். நாடெங்கும் சுமார் 170 இடங்களில் இப்பணி நடந்தது. மாணவர்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்போது 22 வயதான எட்வர்டோ சூட்டோ டி மோரா, படித்துக்கொண்டிருந்தபோதே சீசாவிடம் சேர்ந்து இந்த வேலையில் இறங்கினார். கட்டடக் கலையின் உச்சப் பரிசான பிரிட்ஸ்கர் சீசாவுக்கு 1992இலும் மோராவுக்கு 2011இலும் கிடைத்தது. குடிசைவாசிகளின் கூட்டத்தில் உட்கார்ந்ததால் யாருடைய எதிர்காலமும் கெட்டுப்போகவில்லை.

1976இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. போர்த்தோவில் சீசா வரைந்த போசா குடியிருப்பு பாதியில் நின்று, 2006இல்தான் முழுமை பெற்றது. நம் தோட்டத்து மக்கள் மட்டும்தான் காத்திருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நமக்கு மிக நெருக்கமான பாடம், எவோரா நகருக்கு வெளியே 1977இல் அவர் தொடங்கிய மலகெய்ரா. ஏறக்குறைய 1,200 வீடுகள். ஒவ்வொரு மனையும் 8க்கு 12 மீட்டர்தான். அதில் ஒரு முற்றம், முற்றத்தை ஒட்டி அறைகள். சிறிய குடும்பம் ஓர் அறையில் தொடங்கலாம். பிள்ளைகள் பெருகினால் ஐந்து அறை வரை மேலும் கட்டிக்கொள்ளலாம். அந்த வளர்ச்சி முதல் வரைபடத்திலேயே இருக்கிறது. தண்ணீரும் மின்சாரமும் தலைக்கு மேல் செல்லும் கால்வாய் போன்ற அமைப்பில் வருகின்றன. அந்நகரின் 16ஆம் நூற்றாண்டு நீர்ப்பாலத்தைப் பார்த்து எடுத்த யோசனை அது. எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. திட்டமிட்ட பொதுக் கட்டடங்கள் பல கட்டப்படவே இல்லை. குடியிருப்பாளர்களோடு வாக்குவாதமும் இருந்தது. மக்களைக் கேட்பது என்றால் அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று சீசா எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டார், மறுத்தார், திரும்ப வரைந்தார்.

பிரான்சின் ஆன் லகாத்தோன், ஜான் பிலிப் வசால் இருவரும் இன்னொரு வழி காட்டியவர்கள். போர்தோ நகரில் 530 வீடுகள் கொண்ட பழைய மலிவு விலை அடுக்குமாடிகளை இடிக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்புறத்தில் அகலமான கண்ணாடி முற்றம் ஒன்றைச் சேர்த்தார்கள். மக்கள் குடியிருக்கும்போதே 2017இல் வேலை முடிந்தது. 2021இல் அவர்களுக்கும் பிரிட்ஸ்கர். நம் நான்காம் மாடி வீடுகளைப் பற்றி யோசிப்பவர்கள் இவர்களைப் படிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு, 20 ஏக்கர் நிலத்தில் தரை வீடுகள் கட்டித்தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கேட்டவர்களின் வெற்றி இது. அடுக்குமாடி வேண்டாம், தரை வீடு வேண்டும் என்று தோட்டத்து மக்கள் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வோரைக் கேட்டிருக்கிறேன். அது பிடிவாதம் அன்று. வடிவமைப்பைப் பற்றிய கருத்து. வாசல் வேண்டும், மண் வேண்டும், பின்பக்கம் வேண்டும் என்று சொல்வதற்கு அவர்களிடம் வேறு சொல் இல்லை. அதை அறைகளாகவும் அளவுகளாகவும் மாற்றி மேசைமேல் வைக்க நம்மவரில் ஒருவர் அங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"வீடு கிடைப்பதே பெரிது, இதில் முற்றம் வேறா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முற்றத்துக்காக வீட்டைத் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு செங்கல்லும் கூடுதலாக வேண்டாம். பின்சுவரில் கதவை எங்கே வைப்பது, அறை சேர்க்க எந்தப் பக்கம் இடம் விடுவது என்பவை தாளில் இருக்கும்போது செலவில்லாதவை. சிமெண்டு காய்ந்த பிறகு செலவு பிடிப்பவை.

மருத்துவம், சட்டம், பொறியியல் என்று பிள்ளைகளை அனுப்பும் நம் பெற்றோர்களுக்குக் கட்டடக் கலை தூரத்து உறவினர் மாதிரி. படிப்பு நீளமானது: முதல் பட்டம், நடுவில் பயிற்சி, இரண்டாம் பட்டம், அதன்பின் வாரியத்தின் தேர்வு. பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்றதன்று. ஆனால் அளப்பதற்குப் பட்டம் தேவையில்லை. வரலாறு படிப்பவரும் மொழியியல் படிப்பவரும் அளக்கலாம். அடுத்த நீண்ட விடுமுறையில் மூன்று பேர், ஓர் அளவு நாடா, ஒரு கட்டத்தாள் புத்தகம், ஒரு கேமரா. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து புக்கிட் ரோத்தான் வரை இன்னும் நிற்கும் லயங்களை ஒவ்வொன்றாக வரையலாம். அஞ்சடி எத்தனை அடி, அடுப்படி எந்தப் பக்கம், சாமி எங்கே, தொட்டி எங்கே, அந்தப் பாட்டி ஏன் அங்கே வைத்தார் என்று எழுதிக்கொள்ளலாம். அஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் தொட வேண்டாம்.

லயங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் புதிய தாமான்களுக்கும் போக வேண்டும். சாவி வாங்கிய ஆறு மாதத்தில் மக்கள் பின்பக்கம் தகரம் போட்டு எதை வெளியே தள்ளுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அடுப்படியாகத்தான் இருக்கும்.