வில்பவர் வியாதி

“மனசு வச்சா முடியாதது எதுவுமே இல்லை” என்று மேடையில் ஒருவர் சொல்லி, கைதட்டாத கூட்டம் உண்டா? சொல்பவர் குளிரூட்டிய அரங்கில் நிற்கிறார்; கேட்பவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்; யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வசனம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கோவளம் கடலுக்கும் இறங்கி வரும்போதுதான் வினை. தீபாவளிக்கு ஷூ வாங்கியவர் பொங்கலுக்குள் 42.195 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுக்கிறார். நீச்சல் குளத்தின் ஓரக்கம்பியை விட்டு ஆறு மாதம் ஆகாதவர் திறந்த கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தப் பணம் கட்டுகிறார். கேட்டால், “உடம்பெல்லாம் ரெண்டாம்பட்சம் சார், மனசுதான் ஓடுது” என்கிறார்.

மனசு ஓடாது. கால்தான் ஓடும், இதயம்தான் ரத்தம் தள்ளும், தோல்தான் வியர்க்கும். இவை மூன்றும் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். சைக்கிள் விளக்குகள் வரிசையாகப் போகும். முட்டுக்காடு பாலத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். செங்கல்பட்டுக்காரர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர்வார்கள். தொப்பையும் சர்க்கரையும் தலையெழுத்து என்று இருந்த நடுத்தர வர்க்கம் நாற்பது வயதுக்கு மேல் வியர்க்கக் கற்றுக்கொண்டது நல்ல செய்தி. விபத்தில் அடிபட்டும், சர்க்கரை நோய் இருந்தும், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்த அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஊக்கம். ஆனால் அவரைக் காட்டி ஷூ வாங்குகிறவர்கள் அந்த ‘நூறு’ என்ற எண்ணைப் பார்க்கிற அளவுக்கு, அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் வருஷங்களைப் பார்ப்பதில்லை.

கடலில் இருந்தே தொடங்குவோம். அங்கேதான் மனசு போதும் என்ற நம்பிக்கை அப்பட்டமாகத் தோற்கிறது.

கோவளத்திலோ தேவனேரியிலோ படகு தள்ளப்போகும் மீனவரைக் கவனியுங்கள். மணலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். உண்மையில் சும்மா நிற்கவில்லை. அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கரையோரமாக வடக்கும் தெற்குமாக ஓடும் நீரோட்டங்களுக்கே வன்னி, தெண்டி என்று தனித்தனிப் பெயர் வைத்திருப்பவர்கள் அவர்கள். உடைகிற அலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரியும். அங்கே நுரை குறைவு, தண்ணீர் சற்றுக் கலங்கலாக, அமைதியாக இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவன் கண்ணுக்கு இறங்குவதற்குத் தோதான இடம் அதுதான். உண்மையில், அலை கொண்டுவந்து கரையில் கொட்டிய தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வழி அது. அதில் மாட்டினால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். நேராகக் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் இருந்த இடத்திலேயே களைத்துப்போவோம். எவ்வளவுக்கு விடாப்பிடியோ அவ்வளவுக்குச் சீக்கிரம். மாமல்லபுரம் கடற்கரையில் குளிக்காதீர்கள் என்ற எச்சரிக்கைக்குக் கீழேயே கல்லூரிப் பையன்கள் உயிரைவிட்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அவர்களில் யாருக்கும் துணிச்சலில் குறையில்லை.

வில்பவரால் கடல் வசப்படும் என்றால் ஆழிக்குமரன் ஆனந்தனுக்கு வசப்பட்டிருக்க வேண்டும். வல்வெட்டித்துறைக்காரர். 1971இல் பாக் நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், இந்தியாவிலிருந்து இலங்கைக்குமாக ஒரே மூச்சில் நீந்தியவர். கின்னஸ் சாதனைகள் பலவற்றைக் கையில் வைத்திருந்தவர். அவரளவுக்கு மனவுறுதி படைத்த இன்னொருவரைக் காட்டுவது கடினம். 1984 ஆகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாய் அவரைக் கொண்டுபோய்விட்டது. பத்து ஆண்டு கழித்து, 1994இல், இங்கே குற்றாலீஸ்வரன் என்ற சிறுவன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து நீச்சல் வீரர் மிகிர் சென்னின் சாதனையைத் தாண்டினான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது. தொழில்முறை வீரனா? இல்லை, பள்ளிக்கூடப் பையன். ஆனால் பயிற்சியாளர் கையில், மணிக்கணக்கில், நாள்தவறாமல் தண்ணீரில் கிடந்தவன். அமெச்சூர் என்பதும் அரைகுறை என்பதும் வேறு வேறு.

தரவு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிகளில், அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் இதயத்துடிப்பு நின்ற சம்பவங்களையும் ஆராய்ந்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேர் நீச்சல் கட்டத்தில். முன் அனுபவம் பற்றிய விவரம் கிடைத்த 68 பேரில் 26 பேருக்கு அதுதான் முதல் போட்டி. நியாயமாகச் சொன்னால் ஆபத்தின் விகிதம் சிறியதுதான், லட்சத்தில் இரண்டுக்கும் குறைவு. இதை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிறிய எண்ணும்கூட நல்ல நீச்சல்காரர், புதியவர் எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி.

சாலைக்கு வருவோம். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பும் மாரத்தானில் மூன்று மணி நேரத்தில் முடிப்பவர் வெயிலையே பார்ப்பதில்லை. ஆறு மணி நேரம் எடுப்பவர் பத்து மணி வெயிலில் தார்ச்சாலையில் இருப்பார். நம் கரையோரத்தில் ஜனவரி விடியலிலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வையால் உடம்பு குளிராது. கடற்காற்று கரையேறவும் நேரமாகும், செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் தாமதம். ஆக, தயாரிப்பு இல்லாதவர் ஓடுவது அதே 42 கிலோமீட்டர் அல்ல, அதைவிடக் கொடுமையான ஒரு பந்தயம். இதை எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை.

முடிவுக்கோட்டுக்குப் பக்கத்து மருத்துவக் கூடாரத்தில் ஹீட் ஸ்ட்ரோக்கோடு வருகிறவரைப் பார்த்தால் தெரியும். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவருவார்கள். கால் பின்னும். டி-ஷர்ட்டில் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு. பெயரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். இன்றைக்கு என்ன கிழமை என்றால் விழிப்பார். “நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க, முடிச்சிடுறேன்” என்று கையை உதறுவார். அந்த வாக்கியத்தைத்தான் மருத்துவர்கள் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை குழம்பும். குழம்பிய மூளைக்குத் தான் குழம்பியது தெரியாது. முதலில் ஐஸ் தொட்டியில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸ். மேடைப் பேச்சாளர் ‘மனவுறுதி’ என்று மெச்சும் அதே பிடிவாதம் இந்தக் கூடாரத்தில் ஒரு நோய்க்குறி.

இன்னொன்று, தண்ணீர். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும் இது அதிகம். மெதுவாக ஓடி, பயத்தில் ஒவ்வொரு மேஜையிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டதன் பலன். எப்போது, எவ்வளவு குடிப்பது என்று உடம்புக்குத் தெரிவது மாதக்கணக்கான லாங் ரன்களில்தான்.

இப்போது மறுதரப்புக்கும் ஒரு வார்த்தை. “இவங்களையெல்லாம் ரேஸ்ல விடக்கூடாது, ட்ராஃபிக் ஜாம் மாதிரி வழிய மறிக்கிறாங்க” என்று அலுத்துக்கொள்ளும் வேகக்காரர்கள் ஓட்டக் குழுக்களில் உண்டு. அவர்களோடு நான் சேரவில்லை. மெதுவாக வருவது குற்றமில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் பில்லி மில்ஸ் வென்று, மற்றவர்களும் முடித்த பிறகு, 67ஆம் எண் மட்டும் தனியே சுற்றிக்கொண்டிருந்தது. இலங்கையின் கருணானந்தா. முதலில் சிரித்த அரங்கம் கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கதை ஜப்பானியப் பாடநூலிலேயே ஏறிவிட்டது. அவர் ராணுவ வீரர், பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர். கடைசியாக வந்தாரே தவிர, தயாராகாமல் வரவில்லை.

2022இல் நம் மாமல்லபுரத்துப் பூஞ்சேரியில் நடந்த 44வது செஸ் ஒலிம்பியாடிலும் இதுதான். அன்றைய உலகச் சாம்பியன் கார்ல்சன் ஆடிய அதே போட்டிக்குப் பாலஸ்தீனத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்திருந்தாள். தன் நாட்டுப் போட்டியில் ஆடி, இடம் பிடித்துத்தான் வந்தாள். அதற்கு மேல், செஸ்ஸில் தோற்றால் ஒரு புள்ளி போகும், சோடியம் இறங்காது.

எரிக் முசாம்பானியைச் சொல்லாமல் எந்தத் தன்னம்பிக்கைக் கூட்டமும் முடியாது. சிட்னி 2000 ஒலிம்பிக், 100 மீட்டர் நீச்சல், 1 நிமிடம் 52.72 விநாடி, கிட்டத்தட்ட மூழ்கி எழுந்து முடித்தார். பார்த்தீர்களா, மனசு! பார்த்தோம். அது நீச்சல் குளம், இரண்டு நிமிடம்கூட இல்லை, கைநீட்டினால் ஆள் இருந்தார்கள். அதைவிட முக்கியம், அதற்குப் பிறகு அவர் நாலு வருஷம் உழைத்து அதே தூரத்தை 57 விநாடிக்குள் கொண்டுவந்தார். விசா குளறுபடியால் ஏதென்ஸுக்குப் போக முடியவில்லை. கதையின் சரிபாதி அதுதான். அதை மேடையில் ஒருவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் கைதட்ட இடமில்லை.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள்: ஆசிரியர், எழுத்தர், பாட்டிமார்கூட. ஆனால் முன்பே ஒரு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்த சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் முடியும் நொடியில் அதிகாரி ஒருவர் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுகிறார். அதோடு சரி, இரண்டு அடி தூரத்தில் இருந்தாலும் கோட்டைத் தாண்டமுடியாது. இதைக் கொடூரம் என்பவர்கள் உண்டு. எனக்கு இதில் மரியாதைதான் தெரிகிறது. உள்ளே வருகிறவரைப் பெரியவராக மதித்து, உண்மையான ஒரு தேர்வை அவர் முன்னால் வைக்கிறார்கள்.

நம்மூரில் பல இடங்களில் நடப்பது வேறு. ‘கட்-ஆஃப்’ நேரம் என்று காகிதத்தில் இருக்கும். கடைசி ஆள் வரும்வரை பதக்கத்தோடு காத்திருப்பதைத் தாராள மனசாக விளம்பரப்படுத்துவார்கள். கம்பெனிகள் ஊழியர் நலன் என்ற பேரில் மொத்தமாக ‘பிப்’ (போட்டி எண் அட்டை) வாங்கி விநியோகிக்கும். மறுத்தவர் டீம் ஸ்பிரிட் இல்லாதவர். தூரத்துக்கேற்றபடி கட்டணம் கூடும், கேள்விகள் மட்டும் கூடாது. இதற்கெல்லாம் விலை கொடுப்பது ஓடுகிறவர் மட்டுமல்ல. கடலில் இரண்டு பாதுகாப்புப் படகு இருந்து, ஒன்று ஒருவரைத் தூக்கப்போனால், அந்தப் பதினைந்து நிமிடம் மற்ற எல்லோருக்கும் ஒரே படகு. அதில் துடுப்போடு இருப்பவர் உள்ளூர் மீனவப் பையனாகவோ சர்ஃபிங் சொல்லித்தருபவராகவோ இருப்பார். இன்னொருவருடைய வில்பவரைக் காப்பாற்ற அவர் அலைக்குள் பாய வேண்டும்.

“அப்ப சாதாரண ஜனங்க கனவே காணக்கூடாதா?” என்று கேட்பார்கள். காணட்டும், பத்து கிலோமீட்டரில் ஆரம்பிக்கட்டும். அரை மாரத்தானுக்கு வர ஒரு வருஷம் ஆகட்டும். யாரும் துரத்தவில்லை. போட்டி நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை ரொம்பச் சின்னது. பதிவுப் படிவத்தில் டி-ஷர்ட் அளவு கேட்கிறீர்கள், ரத்தப் பிரிவு கேட்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்கிறீர்கள். கூடவே இன்னொரு வரி சேருங்கள்: கடைசியாக எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதியில், எவ்வளவு நேரத்தில். அந்த வரி காலியாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.