முத்திரைத்தாளில் கையெழுத்து கேட்கும் விருதைக் கண்டிக்கிறோம்

கண்டன அறிக்கை

இந்திய மொழிகளில் எழுதும் கவிஞர்களுக்கு ஆண்டுதோறும் தேசிய விருது வழங்கப்போவதாகத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று அறிவித்திருக்கிறது. பரிசுத்தொகை பெரியதுதான். பொறியியல் இடங்களை நிரப்பவே நேரம் போதாத காலத்தில் ஒரு பல்கலைக்கழகம் கவிதைக்குப் பணம் ஒதுக்குகிறது என்றால் எங்கள் சங்கம் முதல் ஆளாகக் கைதட்டியிருக்கும். ஆனால் உறுப்பினர்கள் பலருக்கு வந்துள்ள விண்ணப்பப் படிவத்தையும், அதோடு இணைத்துள்ள உறுதிமொழிப் பத்திரத்தையும் படித்த பிறகு கைதட்ட மனம் வரவில்லை. இந்த விருதின் நிபந்தனைகளை மாநிலச் செயற்குழு வன்மையாகக் கண்டிக்கிறது.

நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறோம். துணைவேந்தருக்கும் நடுவர்களுக்கும் அனுப்பிய கடிதங்களில் அது இருக்கிறது. இதே படிவத்தை இலச்சினையை மட்டும் மாற்றி நாளை இன்னொரு வளாகமும் அச்சடிக்கக்கூடும் என்பதால், எங்கள் எதிர்ப்பு நிபந்தனைகள் மீதே.

முதலில் அந்தப் பத்திரம். விருதுக்குத் தேர்வாகும் கவிஞர் அரசியல் அல்லது சமூகக் காரணம் எதற்காகவும் விருதைத் திருப்பித் தரக்கூடாதாம். பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் குந்தகம் விளையும்படி எழுதவோ மேடையில் பேசவோ கூடாதாம். முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். மீறினால் பரிசுத்தொகையை வட்டியோடு செலுத்த வேண்டும். அதாவது, விருதைத் திருப்பித் தந்த குற்றத்துக்குத் தண்டனை, அதைத் திருப்பித் தருவது. இதை எழுதிக் கொடுத்த சட்ட ஆலோசகர் ஒருமுறையாவது உரக்கப் படித்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த யோசனையின் ஊற்றுக்கண் வேறு இடத்தில் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 30 அன்று கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி தார்வாடில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அந்தக் கொலை குறித்து அகாதமி காத்த மௌனத்தைக் கண்டித்து இந்தி எழுத்தாளர் உதய் பிரகாஷ் விருதைத் திருப்பித் தந்தார். நயன்தாரா சேகல், அசோக் வாஜ்பாயி, மங்களேஷ் டப்ரால், ராஜேஷ் ஜோஷி, சுர்ஜித் பாத்தர் என்று வரிசை நீண்டது. அதற்குப் பிறகுதான், அக்டோபர் மாதம் கூடிய அகாதமியின் செயற்குழு கொலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. திருப்பிக் கொடுத்ததால் என்ன நடந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு அந்தத் தீர்மானமே பதில்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில், போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஓர் அறிக்கை அளித்தது. அரசியல் காரணங்களுக்காகத் திருப்பித் தரமாட்டோம் என்று விருது பெறுவோரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. குழுவுக்குள்ளேயே இதற்கு மாற்றுக்கருத்து இருந்தது. விருதைத் திருப்பித் தருவதும் அரசமைப்பு அனுமதிக்கும் ஒரு எதிர்ப்பு வடிவமே என்று உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டியதும் அதே அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அது வெறும் பரிந்துரை, சட்டம் அல்ல, அதுவும் அகாதமிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே குனிந்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் கவிஞர்களைக் கௌரவிப்பது இந்த நாட்டில் புதிதல்ல. ஒடிசாவின் சம்பல்பூர் பல்கலைக்கழகம் கங்காதர் மெஹர் பெயரில் தேசியக் கவிதை விருது வழங்கிவருகிறது. ஒடியாவுக்கு மட்டும் அல்ல, பிற இந்திய மொழிக் கவிஞர்களுக்கும். அகாதமி விருதைத் திருப்பித் தந்தவர் என்று மேலே சொன்ன பஞ்சாபிக் கவிஞர் சுர்ஜித் பாத்தரும் அந்த விருதைப் பெற்றவர்களில் ஒருவர். கங்காதர் மெஹர் பர்பாலி என்ற ஊரில், நெசவாளர் குடும்பத்தில் 1862-இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பைத் தொடர வழியில்லாமல் போனவர். எங்களுக்கு வந்துள்ள படிவத்தின் நான்காவது கட்டம் 'உயர்கல்வித் தகுதி'. சான்றிதழ் நகலில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் கையொப்பம் வேண்டுமாம். மெஹர் இன்று இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

மொழி பற்றிய விதி இதைவிட மோசம். 'இந்திய மொழிகள்' என்று விளம்பரம் செய்துவிட்டு, அடிக்குறிப்பில் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகள் மட்டும் என்று சுருக்கியிருக்கிறார்கள். அந்த அட்டவணை கவிதையை அளக்கப் போட்டது அல்ல. 1950-இல் அதில் இருந்தவை 14 மொழிகள். போடோவும் சந்தாலியும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் உள்ளே வந்தன. இந்த விதிப்படி பார்த்தால் அதற்கு முந்தைய சந்தாலிக் கவிஞர் யாரும் இந்திய மொழிக் கவிஞர் இல்லை. துளுவும் காசியும் கோண்டியும் இன்றும் வெளியேதான். அவ்வளவு தூரம் போவானேன், நீலகிரியில் படுகு பேசுகிறவரும் மதுரையில் சௌராஷ்டிரம் எழுதுகிறவரும் இந்தப் படிவத்தை வாங்கவே தகுதியற்றவர்கள். அட்டவணைக்கு வெளியே உள்ள ராஜஸ்தானிக்கு சாகித்திய அகாதமி விருதே தருகிறது. தன் பட்டியலில் இல்லாத மொழிகளுக்காக அது பாஷா சம்மான் வைத்திருக்கிறது. அகாதமி மீது எங்களுக்கு ஆயிரம் குறை உண்டு. இந்த விஷயத்தில் அதற்கு இருக்கும் விசாலம்கூட இவர்களிடம் இல்லை.

உள்ளே வந்த மொழிக்காரருக்கும் நிம்மதி கிடையாது. முழுத் தொகுப்பையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொந்தச் செலவில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். நடுவர்கள் படிக்கப்போவது அதைத்தான் என்றால் விருது யாருக்கு? நல்ல மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வசதி உள்ளவருக்கு. அந்தந்த மொழி அறிந்த நடுவரைத் தேடுவது பல்கலைக்கழகத்தின் வேலை. மொழித் துறைகளை வைத்திருப்பவர்களுக்கு அது முடியாத காரியம் அல்ல.

பதிப்புரிமைக் கட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். அனுப்பிய கவிதைகளின் 'அனைத்து உரிமைகளும்' பல்கலைக்கழகத்துக்கே என்கிறது ஒரே வரி. எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, என்ன ஊதியம் என்று எதுவும் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இவற்றையெல்லாம் எழுத்தில் குறிப்பிடச் சொல்கிறது. பரிசு கிடைக்காதவரின் கவிதையும் சேர்ந்தே போகிறது என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

கவிஞரிடம் நற்பெயர்க் காப்பு கேட்கும் உயர்கல்வி நிறுவனங்களின் சொந்த நற்பெயர் எப்படி? 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவி, பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை நீக்கியது. கல்விக்குழு உறுப்பினர்கள் 15 பேர் எழுத்து மூலம் மறுப்பு தெரிவித்தும் பலனில்லை. அந்த சுகிர்தராணிதான் 2023 பிப்ரவரியில், ஆங்கில நாளிதழ் குழுமம் ஒன்று அறிவித்த விருதை, அதன் முதன்மைப் புரவலர் அதானி குழுமம் என்பதால் வேண்டாம் என்றார். அப்படிச் சொல்லும் உரிமையை ஒரு கவிஞர் விருது வாங்கிய மறுநாளும் வைத்திருக்க வேண்டும், பத்து ஆண்டு கழித்தும் வைத்திருக்க வேண்டும். வட்டிக்கடைக்காரர் நகைக்கு ரசீது எழுதுவதுபோல் அதை எழுதி வாங்கிக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை.

உறுதிமொழிப் பத்திரத்தையும் பதிப்புரிமை வரியையும் நிபந்தனையின்றித் திரும்பப் பெற வேண்டும். எட்டாவது அட்டவணை வரம்பையும் கல்வித் தகுதிக் கட்டத்தையும் நீக்க வேண்டும். நடுவர்களின் பெயரையும் அவர்கள் அறிந்த மொழிகளையும் வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழக நிர்வாகத்தை வலியுறுத்துகிறோம். நடுவர் குழுவில் இடம்பெறச் சம்மதித்திருக்கும் மூத்த எழுத்தாளர்களுக்குத் தனியே எழுதியிருக்கிறோம். விதிகள் தங்களுக்குக் காட்டப்படவில்லை என்று அவர்களில் யாராவது சொன்னால் எங்களுக்கு வியப்பில்லை. அவர்கள் அதைப் பொதுவெளியில் சொல்ல வேண்டும்.

உறுப்பினர்கள் எவரும் இப்போதைய வடிவில் இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். பணமுடையால் ஏற்கெனவே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டவர்களைச் சங்கம் குறை சொல்லாது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் கவிதைகளின் உரிமையை மீட்கவும் கடிதம் எழுத விரும்புவோர், படிவத்தின் நகலோடு மாவட்டச் செயலாளரை அணுகினால் வழக்கறிஞர் உதவிக்குச் சங்கமே ஏற்பாடு செய்யும். கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மாநிலச் செயற்குழுவுக்காக,
தலைவர், பொதுச்செயலாளர்