மின்வழங்கியும் அயலார் நலமும்

டிரான்சிஸ்டரை விரைந்து திறந்து மூடி இயங்கும் பெருமின்வழங்கிகளை அமைப்போர் சிலர், பயனுறுதிறன் நூற்றுக்கு 90 பங்கை எய்தியவுடன் தம் கடமை முடிந்ததெனக் கருதுகின்றனர். அக்கருத்துக் குறையுடைத்து என்பதே எமது துணிபு.

மாறுமின்னோட்டத்தைத் திருத்தி நேரே மின்தேக்கியில் நிரப்புங் கருவி, அலையின் உச்சியில் மட்டும் மின்னைச் சடுதியில் உறிஞ்சும், ஏனைப்பொழுதெல்லாம் வாளாவிருக்கும். அதனால் திறன் காரணி 0.65 அளவிற்குந் தாழ்வதுண்டு. அந்நிலையில், 230 வோல்ட் இணைப்பினின்று 1000 வாட் பெற 4.4 ஆம்பியர் போதுமாயிருக்க, அக்கருவி 6.7 ஆம்பியர் இழுக்கும். கம்பியிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், இருமடங்கிற்கு மேற் பெருகும். வீட்டு மின்மானி பொதுவாக வாட்கணக்கையே காட்டுமாதலால், தெருக்கம்பியில் நேரும் இவ்விழப்பு ஊரார் தலையிற் பொறுக்கின்றது.

இதற்குப் பரிகாரம் உண்டு. கம்பிச்சுருளும் டிரான்சிஸ்டரும் அமைந்த முன்சுற்றொன்று, மின்னழுத்தத்தைச் சுமார் 400 வோல்ட்டிற்கு உயர்த்தி, மின்னோட்டத்தை அழுத்த அலையின் வடிவிலேயே நடத்தும், காரணியும் 0.99ஐ எட்டும்.

அச்சுற்றுஞ் சிறிது மின்னை உண்ணும், விலையும் ஏறும் என்பாருளர். மெய்யே. ஆயினும், தன் பெட்டியின் வெப்பத்தை மட்டும் எண்ணுவது பாதிக்கணக்கன்றோ? பொதுக்கம்பியின் வெப்பத்தையும் தன்னதாக எண்ணுபவனே நற்பொறியாளன். அயலானை மறவாத கணக்கே முழுக்கணக்காம்.